ஆறடிக்குக் கீழே

உயிரோடிருப்பவர்களைக் காட்டிலும் இறந்தவர்களிடம் மிகுந்த மரியாதையோடு பழகிய மனிதரை என் வாழ்நாளில் ஒருவரையே கண்டிருக்கிறேன். எருமப்பட்டிக்கு அருகே எங்கள் லுத்தரன் சபையின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர் அவர். பெற்றோர் இட்ட பெயர் எவருக்கும் தெரியாது. ஆறடிக்கு ஓர் அங்குலம் கூடவோ குறையவோ வெட்டாதவர் ஆதலின், நாயன்மார் வரிசையில் விடுபட்டுப்போன ஒருவரைப் போல ‘ஆறடியார்’ என்றே வழங்கினோம்.

எவரை நோக்கினாலும் அவர் பார்வை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை ஒருமுறை இறங்கும். அளவெடுக்கிறாராம். சளி பிடித்தவர்கள் அவரைக் கண்டால் இருமலை விழுங்கிக்கொண்டு வேறு சந்தில் திரும்புவார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும், நாங்கள் ஐயர் என்றழைக்கும் போதகரிடம் இறந்தோரின் குறைகளை ஒப்புவிப்பார்.

“ஏனுங்க ஐயரே, மூணாவது வரிசை ஞானமுத்துக்குத் தலைமாட்டுல வேரு குத்துதாமுங்க.”

“செத்தவன் எப்படிய்யா சொல்லுவான்?”

“நீங்க பிரசங்கம் பண்ணிப்போட்டு ஊட்டுக்குப் போயிருவீங்க. அவிங்க நாள் பூராவும் சும்மாதானுங்களே கிடக்கறாங்க? பேசாம என்னதான் பண்ணுவாங்க?”

நகைத்தோம். ஆனால் மண்ணை அகழ்ந்து பார்த்தபோது, அவர் சொன்ன இடத்தில் வேர் இருந்தது.

சபையின் பொன்விழாவுக்கு விருந்து வேண்டா, ஊருக்குப் பொதுவாக ஒரு கிணறு வெட்டுவோம் என்று ஐயர் அறிவித்தார். மழை பொய்த்த இரண்டாம் ஆண்டு அது. குளத்துச் சேற்றைத் தெளியவைத்துக் குடித்தவர்களை வாந்திபேதி வரிசையாகக் கொண்டுபோயிற்று. சாதி பாராமல் எல்லாரையும் புதைத்து ஆறடியாரின் உள்ளங்கை வெடித்திருந்தது. நீரோட்டம் பார்ப்போர் காட்டிய மூன்றிடத்தும் பாறைதான் கண்டது. விழாவுக்கு ஒரு திங்களே எஞ்சியிருந்த நிலையில், அவர் ஐயரிடம் வந்து நின்றார்.

“மதிலோரத்துல கிடக்கற நம்ம ஆசீர்வாதம், முதுகு நனையுதுங்கறானுங்க. மேட்டுப் பக்கமிருந்து ஈரம் வருதாம். மதிலுக்கு வெளிய, புளியமரத்துக்கு அந்தாண்ட தோண்டச் சொல்றான்.”

“தோண்டுய்யா” என்றார் ஐயர். கற்ற வழிகளெல்லாம் தீர்ந்துபோன மனிதரின் குரல் அது.

“ஆறடி வரைக்கும் தோண்டறேனுங்க. அதுக்குக் கீழ எனக்கு அதிகாரமில்லீங்க.”

மெய்யாகவே ஆறடியில் நின்றுவிட்டார். தரையில் காதை வைத்து, “இன்னுங் கீழ வரலாமுங்களா?” என்று வினவினார். சற்றுப் பொறுத்துத் தலையசைத்து, மண்வெட்டியை எடுத்தார். அதன்பின் ஒவ்வோர் ஆறடிக்கும் ஓர் அனுமதி. சபை வாலிபர்களும், பள்ளி ஆசிரியனாகிய நானும் மேலிருந்து மண்கூடையை இழுத்தோம்.

விழாவுக்கு முதல்நாள், உச்சிவெயில். ஐந்தாள் ஆழத்திலிருந்து அவர் பேசுவது கேட்டது. பதிலும் கேட்டது. எதிரொலி என்று வாலிபர்களுக்கு விளக்கினேன். அப்போது கீழே யாரோ இருமினார்.

“தண்ணியக் குடிச்சுப்போட்டு இருமுங்க சாமி” என்றார் ஆறடியார்.

வாலிபர்கள் கயிற்றை விட்டு ஓடினார்கள். நான் மட்டும் நின்றேன்.

“வாத்தியாரே, தண்ணி முழங்காலுக்கு வந்திருச்சுங்க! இழுங்க!”

“உம்மோடு யார் இருக்கிறார்கள்?”

“நெம்பப் பேருங்க. வாந்திபேதியில போனவிங்க. தாகம் தீந்தா அவிங்களே போயிருவாங்க.” பிறகு, மிகத் தாழ்ந்த குரலில், “என்னை மட்டும் இழுங்க சாமி” என்றார்.

மறுநாள் பொன்விழாவில் எல்லாத் தெருக் குடங்களும் அக்கிணற்றில் நிறைந்தன. ஐயர் கண்ணீரோடு செபித்தார்.

எவரிடமும் நான் சொல்லாதது ஒன்றுண்டு. அன்று ஆறடியாரை மேலே இழுத்தபோது கயிற்றில் ஒருவர் கனத்தைவிட மிகுதியாகவே இருந்தது. கப்பி முனகியது, கயிறு உள்ளங்கையை அறுத்தது. ஆயினும் அந்த மனிதரைக் கீழே இருந்தவர்களுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.