வாயைத் திறக்காத தலைவி

குறைகேட்புக் கூட்டத்துல ஒரு குறைகூட காதுல விழக் கூடாதுன்னு முடிவு கட்டிட்டாரு குடிதண்ணி சூப்பர்வைசர். குறையைத் தீர்த்து இல்லீங்க. அதுக்கெல்லாம் வேலை செய்யணும். கேக்குற வாயை அடைச்சு.

விஷயம் இதுதான். வார்டுக்கு வார்டு தண்ணியைக் கண்காணிக்க ஜனங்களே ஒரு கமிட்டி வச்சுக்கணும், தலைவி ஒரு பொம்பளையா இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு. அந்தம்மா கூட்டத்துக்கு வர்ற பெரிய எஞ்சினியர் முன்னாடி எந்திரிச்சு 'தண்ணி ஒழுங்கா வருது'ன்னு சொல்லிட்டா, சூப்பர்வைசருக்குத் தலைமை ஆபீஸ்ல சுழல் நாற்காலி. வரலைன்னு சொல்லிட்டா? அந்தப் பக்கம் அவர் யோசிக்கவே இல்ல. யோசிக்கிறதும் ஒரு வேலைதானே!

அந்த வார்டுல ரெண்டு தெரு. முன் தெருவுல சூப்பர்வைசர் மாதிரி பெரிய மனுஷங்க, காரைக்கூட குடிதண்ணியில குளிப்பாட்டுறவங்க. பின் தெருவுல சாக்கடை அள்ளுறவங்க, ஆஸ்பத்திரி கழுவுறவங்க, மூட்டை தூக்குறவங்க. ஊரையே கழுவித் துடைக்கிற ஜனத்துக்குக் கைகழுவத் தண்ணி கிடையாது. இதைக் கேட்டா உங்களுக்குக் கோவம் வரணும். வரலைன்னா நீங்க முன் தெரு.

சூப்பர்வைசரோட வீட்டம்மா தையல் மெஷின்ல உக்காந்திருந்தாங்க. வாசல்ல பின் தெரு ஆஸ்பத்திரி அக்கா இப்பத்தான் ஒரு பாட்டம் அழுதுட்டுப் போயிருந்தாங்க. எப்ப வரும்னு தெரியாத தண்ணிக்குக் குடத்தோட காத்துக் கிடந்து டியூட்டிக்கு லேட்டாகுது. இன்னொரு தடவை லேட்டா வந்தா வேற ஆள் பாத்துக்குறோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்களாம்.

அந்த நேரம் பாத்து உள்ள வந்தாரு நம்ம ஆளு.

"ஏய், நீதான் தலைவி!"

"எதுக்குங்க தலைவி?"

"தண்ணிக் கமிட்டிக்கு. முன் தெருக்காரங்களைக் கூப்பிட்டேன், கைதட்டச் சொன்னேன், தேர்தல் முடிஞ்சுது."

"பின் தெருக்காரங்க?"

"அவங்க வேலைக்குப் போயிருந்தாங்க. பாவம், தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

"அதிகாரி பொண்டாட்டியே தலைவியா இருக்கலாமா?"

"உத்தரவை நுனியிலேர்ந்து அடி வரைக்கும் படிச்சிட்டேன். பொண்டாட்டி கூடாதுன்னு எங்கயுமே இல்ல!"

"எனக்குத் தண்ணியப் பத்தி என்னங்க தெரியும்?"

"அதாண்டி தகுதியே!"

வீட்டம்மா ஊசியில நூலைக் கோத்தாங்க. அப்புறம் ரொம்ப சாதுவா, "சரிங்க"ன்னாங்க. இத்தனை வருஷம் குடும்பம் நடத்துன மனுஷன், அந்த 'சரிங்க'வைக் கேட்டு அங்கயே அலறி ஓடியிருக்கணும். ஓடல. மீசையைத் தடவினாரு.

"ஆனா ஒண்ணுங்க. அந்தப் பெரிய எஞ்சினியர் குறுக்குக் கேள்வி கேட்டா?"

"தெரியாதுன்னு சொல்லு."

"தலைவிக்கே தெரியாதான்னு சிரிக்க மாட்டாரா? உங்க மானம்ல போகும்! எதை மறைக்கணும்னு தெரிஞ்சாத்தானே ஒழுங்கா மறைக்க முடியும்?"

நியாயமான பேச்சா பட்டுது அவருக்கு. ஒத்திகை ஆரம்பமாச்சு. வீட்டம்மா தலையணையை மடியில வச்சுக்கிட்டு எஞ்சினியர் குரல்ல அதட்டினாங்க.

"ஏன்யா, பின் தெருவுக்கு ஏன் தண்ணி போகல?"

"போகும்ங்க. வால்வைக் கால்வாசிதான் திறப்பேன், அதான் மெதுவா போகும்."

"முன் தெருவுக்கு?"

"முழுசாங்க. மாடித் தொட்டியெல்லாம் நிறைய வேணாமா?"

"பின் தெருக் குழாயில வெறும் காத்துதான் வருதாமே?"

"தண்ணிக்கு முன்னாடி காத்து வர்றது இயற்கைங்க. காத்து நின்னு தண்ணி வர்றதுக்குள்ள நான் மூடிடுவேன்."

"ஏன் மூடுற?"

"டீ குடிக்கப் போகணும்ல!"

வீட்டம்மா தலையணையை அமுக்கிப் பிடிச்சாங்க. பிடிச்ச பிடியில அது தலையணையா இருந்தது யாரோ ஒருத்தரோட அதிர்ஷ்டம்.

"வால்வுக் குழி எங்கய்யா இருக்கு?"

"ரெண்டு வால்வும் தெரு முக்குல ஒரே குழியிலதான். இரும்பு மூடிக்கு மேல என் பைக்கை நிறுத்திருவேன். ஒருத்தனுக்கும் தெரியாது!" சொல்லிட்டு அவரே கைதட்டிக்கிட்டாரு.

"இதெல்லாம் மறைக்கணும். ஞாபகம் வச்சுக்கிறேங்க."

"சமத்து!"

கூட்டத்தன்னைக்கு ஹால் நிரம்பி வழிஞ்சுது. முன் தெரு நாற்காலியில. பின் தெரு நின்னுக்கிட்டு. ஆஸ்பத்திரி அக்கா லீவு போட்டுட்டு, உள்ள நுழைய இடமில்லாம வாசப்படியில நின்னாங்க. எஞ்சினியர் தொண்டையைச் செருமி, "தலைவி பேசலாம்"னாரு. சூப்பர்வைசர் மனசுக்குள்ள சுழல் நாற்காலியில ஒரு சுத்து சுத்தினாரு.

வீட்டம்மா எந்திரிச்சாங்க.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் எங்க வீட்டுக்காரர் சொல்லிக் குடுத்தது."

"அடடா!"ன்னு நெகிழ்ந்துட்டாரு எஞ்சினியர்.

"பின் தெரு வால்வைக் கால்வாசிதான் திறக்கணுமாம். முன் தெருவுக்கு முழுசாத் திறக்கணுமாம். காத்து நின்னு தண்ணி வர்ற நேரத்துல பின் தெருவை மூடிட்டு டீ குடிக்கப் போயிரணுமாம். முக்குல இருக்கிற குழி மேல பைக்கை நிறுத்திட்டா ஒருத்தருக்கும் தெரியாதாம். சரியாச் சொல்றேனாங்க?"

கடைசிக் கேள்வி புருஷனைப் பாத்து. அவருக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. ஒரு சொட்டுத் தண்ணி கிடைச்சா தேவலாம்னு இருந்துச்சு.

"பொய்!"னு ஒரு வழியா கத்தினாரு. "இவளுக்கு வால்வுன்னா என்னன்னே தெரியாது சார்!"

"பாத்தீங்களா, எனக்குத் தெரியாதுன்னு அவரே சொல்றாரு. அப்ப யார் சொல்லிக் குடுத்திருப்பா?"

பின் தெரு சிரிச்சுது. நின்னுக்கிட்டே சிரிச்சுது. எஞ்சினியர் நேரா முக்குக்கு நடந்தாரு, ஜனம் பின்னாடியே. பைக்கைத் தூக்கிப் பக்கத்துல வச்சு மூடியைத் திறந்தா, அம்மா சொன்னது அச்சு அசலா அப்படியே இருக்கு. ஒரு வால்வு பளபளன்னு. இன்னொண்ணு கால்வாசிக்கு மேல திரும்பினதே இல்லாத மாதிரி துருவோட.

"என்னம்மா செய்யலாம்?"னு தலைவியையே கேட்டாரு எஞ்சினியர். அத்தனை பேர் சுத்தி நிக்கும்போது வேற யாரைக் கேப்பாரு?

"வால்வு சாவி இனிமே கமிட்டிகிட்ட இருக்கட்டுங்க. எந்தத் தெருவுக்கு எப்போன்னு ரெண்டு தெருவும் உக்காந்து பேசி முடிவு பண்ணிக்கிறோம். பாதிக் கமிட்டி பின் தெருவுலேர்ந்து. இந்தத் தடவை அவங்க வீட்டுல இருக்கிற நேரமாப் பாத்து கைதட்டச் சொல்றேன்."

அன்னைக்குச் சாயங்காலமே ரெண்டு தெருவும் உக்காந்து நேரம் பிரிச்சாச்சு. ராத்திரி முழுக்க சூப்பர்வைசர் சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. காலையில டவலைத் தோள்ல போட்டுக்கிட்டு, முறைச்சுக்கிட்டே குளிக்கப் போனாரு. தலையிலேர்ந்து கால் வரைக்கும் சோப்பு. கண்ணைத் திறக்க முடியல. மாடித் தொட்டி காலியாகி ஷவர் நின்னுபோச்சு.

"ஏய்! தண்ணி எங்கடி?"

"பின் தெருவுக்குப் போயிருக்குங்க. அக்கா டியூட்டிக்குக் கிளம்பணும்ல."

"கண்ணு எரியுதுடி! போய்த் திறக்கச் சொல்லு! நான் யாருன்னு தெரியும்ல?"

கதவுக்கு வெளியில மெஷின் சத்தம் ஒரு நிமிஷம் நின்னுது.

"தெரியுங்க. பொதுமக்கள்ல ஒருத்தர். உங்க முறை வந்ததும் கூப்பிடுறோம்."