இடது காது கறுப்பு

வீட்டுப் பூனை மிட்டாயைக் காணோம் என்று மனைவி ஞானபூரணி சொன்னபோது, இன்பராஜ் ஒரு காலில்தான் செருப்பு மாட்டியிருந்தான். மற்றதையும் மாட்டிக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது. தீபாவளி சீசன். சிவகாசி அச்சாபீஸில் பட்டாசு லேபிளுக்கு அச்சுக்கல்லில் படம் வரைகிறவனுக்கு மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை கிடையாது, ஆராதனை கிடையாது, வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட ஞாபகமும் கிடையாது.

"லீவு போட்டுத் தேடுங்க. மிட்டாய் இல்லாம எனக்குச் சோறு இறங்காது" என்று அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சீசனில் முதலாளி காளிராஜிடம் லீவு கேட்பதற்குப் பூனையாகவே பிறந்திருக்கலாம். அதனால் சாப்பாட்டு நேரத்தில், சும்மா கிடந்த கல் ஒன்றில் மிட்டாயின் முகத்தை வரைந்தான். வெள்ளை முகம், இடது காது மட்டும் கறுப்பு. கீழே 'காணவில்லை, கொண்டுவந்தால் சன்மானம்' என்று அச்சாபீஸ் விலாசத்தோடு எழுத்துக்காரர் கோட்டைச்சாமி எழுதிக் கொடுத்தார். அதற்கு மேல் ஒரு விவரமும் போடவில்லை. படமே போதும் என்று அவனுக்குத் தொழில்மேல் அவ்வளவு நம்பிக்கை. திருத்தங்கல் ரயிலடி வரை நோட்டீஸ் ஒட்டியாயிற்று.

மறுநாள் அச்சாபீஸ் வாசலில் ஏழு பூனைகள். ஏழுக்கும் வலது காது கறுப்பு. அதில் மூன்றின் காதில் அச்சு மை இன்னும் காயவில்லை. இடது வலது தெரியாத ஜனங்கள் என்று அலுத்துக்கொண்டு திருப்பி அனுப்பினான்.

கோட்டைச்சாமிதான் நோட்டீஸை அவன் முன் நீட்டினார்.

"தம்பி, கல்லுல இடம் வலமா மாத்தில்ல வரையணும்? அப்பத்தான தாள்ல சரியா விழும். நீ நேரா வரைஞ்சு வச்சிருக்க."

பதினாறு வருஷத் தொழில். தூக்கமில்லாத கை செய்த வேலை. அவசரமாகத் திருத்தி இன்னொரு நோட்டீஸ் அடித்தான். பழையதைக் கிழிக்க நேரமில்லை. இப்போது இடது காதும் வந்தது, வலது காதும் வந்தது. இரண்டு கட்சிக்கும் அச்சாபீஸுக்குள் சண்டை மூண்டு, மைத்தட்டில் விழுந்த ஒரு கடுவன் பூனை, காயப்போட்டிருந்த ஐந்நூறு லேபிள் தாளின் மேல் நடந்து போனது.

காளிராஜ் சத்தம் போடவில்லை. "பூனை கிடைக்கிற வரைக்கும் இங்கன வராத" என்றார்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு, இரண்டு நாள் அவனும் ஞானபூரணியும் நாரணாபுரம் வரை நடந்து தேடினார்கள். அவள் புளிச்சோறு கட்டி வந்தாள். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்று மாதக் கதை அத்தனையும் சொன்னாள். பாவம், துக்கத்தை மறைக்கப் பேசுகிறாள் என்று அவனுக்கு மனசு இளகியது. சோறு அவளுக்கு நன்றாகவே இறங்கியது.

மூன்றாம் நாள் காலையில் மிட்டாய் தானாகவே வாசற்படி ஏறி வந்தது. சற்றுப் பருத்திருந்தது. இன்பராஜ் அதை வாரி எடுத்து, வெட்கமில்லாமல் அழுதான். இனி வேலைக்குப் போகலாம். அதைவிட, இந்தச் சனியன் உயிரோடு வந்ததே போதும் என்று இருந்தது. ஞானபூரணியின் முகம்தான் ஏனோ வாடிப்போயிற்று.

அப்போது பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு கமருன்னிசாவின் குரல் வந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீக. சீசன் முடியிற வரைக்கும் அடைச்சு வைன்னு சொன்னீக, பால் ஊத்தக் கதவத் தொறந்தேன், ஓடிருச்சு."