குளிருக்கு நிறம் மாறிய மக்காவ்

நான் ஒரு பறவையை ஏமாற்றியிருக்கிறேன். மனிதர்களை ஏமாற்றியதும் உண்டு. அவற்றையெல்லாம் வருஷாவருஷம் பெரிய வியாழனுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி, சாமியார் கொடுத்த ஜெபங்களையும் ஒழுங்காகச் சொல்லி முடித்துவிட்டேன். இதை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் சாமியார் சிரித்துவிடுவாரோ என்று பயம். (சிரிக்காவிட்டால் அதைவிடப் பயம்.)

மூணாறு பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் டிஸ்பென்சரியில் மருந்து எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்பு, எங்கள் குடும்பத்தில் யாருக்காவது பறவைகளைப் பற்றிச் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருவார்கள். வராவிட்டால் நானே போய்ச் சொல்வேன். இரண்டு ஜோடி லவ் பேர்ட்ஸ் வளர்த்திருந்தேன். யூடியூபில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். அந்த இரண்டு ஜோடியில் ஒன்றைப் பூனை கொண்டுபோன கதையை மட்டும் யாரிடமும் விரிவாகச் சொல்வதில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி ஸ்டெல்லாவின் தங்கை லில்லிக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவளிடம் ஜூலி என்று ஒரு நீல மஞ்சள் மக்காவ் இருந்தது. நம் ஆட்கள் பஞ்சவர்ணக்கிளி என்பார்களே, அந்தச் சாதி. இறகு முளைக்காத குஞ்சாக வாங்கி, மடியில் துண்டு விரித்து, சிரிஞ்சில் கூழ் ஊட்டி வளர்த்த பறவை. அங்கே கொண்டுபோக வழியில்லை. யாரிடம் விடுவது என்று லில்லி தவித்துக்கொண்டிருந்தபோது நான் தொண்டையைச் செருமினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் அவளுக்கு நான் வகுப்பே எடுத்தேன். மக்காவில் இனத்தைச் சொன்னால் குணத்தைச் சொல்லிவிடுவேன் என்று ஆரம்பித்தேன். உடம்பெல்லாம் சிவப்பும் சிறகில் மஞ்சள் பட்டையும் இருந்தால் அது அழகுதான், ஆனால் முன்கோபி. காலையில் கொஞ்சும், மதியம் கடிக்கும். அதே சிவப்பில் சிறகு மட்டும் பச்சையாக இருப்பது ஆளில் பெரியது, அலகைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் பொறுமையில் கோயில் யானை மாதிரி. முழுக்க நீலமாக ஒன்று உண்டு, அது இன்னும் சாது, ஆனால் நம்மைப் போன்றவர்கள் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கையளவுக்குப் பச்சையில் ஒரு குட்டி மக்காவ் உண்டு, உடம்பில் இல்லாததையெல்லாம் குரலில் வைத்திருக்கும். ஜூலி மாதிரி நீல மஞ்சள் இருக்கிறதே, அது யாரோடும் ஒட்டிக்கொள்ளும், ஒரு வாரம் போதும் என்று முடித்தேன். எலும்பைக் கடித்தபடி இவ்வளவையும் சொன்னேன்.

லில்லி பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "கேக்க நல்லாத்தான் இருக்கு அத்தான். ஆனா இவ நான் டூட்டி முடிஞ்சு வந்தாத்தான் சாப்பிடுவா. கொஞ்ச நாள் உங்களப் பாடாப் படுத்துவா. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்."

"நான் பாத்துக்கிடுதேன். நீ நிம்மதியாப் போ" என்றேன்.

ஒரு வாரம் போதும் என்றேன் அல்லவா? ஒரு வாரத்தில் ஜூலி எங்கள் குவாட்டர்ஸ் கதவு நிலையில் ஒரு சாண் தின்று முடித்திருந்தாள். (கம்பெனி கதவு.) இரண்டாவது வாரம் என் மூக்குக்கண்ணாடி. மூன்றாவது வாரம் என் காது மடல். டிஸ்பென்சரியில் எனக்கு நானே தையல் போட முடியாமல், என்னிடம் மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மாவைக் கண்ணாடி பிடிக்கச் சொல்லிப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். நான்காவது வாரம் ஃபாக்டரிச் சங்கைப் படித்துக்கொண்டாள். விடிந்ததும் விடியாததுமாக அவள் சங்கு ஊதினால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பாதிப் பேர் எழுந்து முகம் கழுவத் தொடங்கிவிடுவார்கள். ரிட்டையர் ஆகி நான்கு வருஷமான ஒருவர் பழைய பூட்ஸைத் தேடினார் என்று அவர் மனைவி என்னிடம் சண்டைக்கு வந்தாள்.

இதெல்லாம் சிரிப்பு. ஒன்று மட்டும் சிரிப்பில்லை. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு, கேட் பக்கம் பார்த்துக்கொண்டு, லில்லியின் குரலில் "வந்துட்டேன்டா கண்ணு" என்பாள். லில்லி டூட்டி முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொல்வது அது. ஒரு தடவை சொல்லிவிட்டுக் காத்திருப்பாள். மறுபடி சொல்வாள். இருட்டும்வரை சொல்வாள். அப்போது எனக்கு அது தலைவலியாகத்தான் இருந்தது. அவள் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் பறவை நிபுணன் அல்லவா?

நான்காவது மாதம், மறையூரில் பண்ணையும் தங்கும் அறைகளும் வைத்திருக்கும் ஒருவர் மருந்து வாங்க வந்தார். அவரிடம் ராஜா என்று ஒரு பச்சைச் சிறகு மக்காவ் இருந்தது. நான் சொன்ன கோயில் யானை. துணையில்லாமல் ஒரு நீல மஞ்சள் ஆணும் இருந்தது. அதற்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தார். ராஜாவை எடுத்துக்கொண்டு ஜூலியைக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். எனக்கு மாதாவே நேரில் வந்து பேசுவது போலிருந்தது.

ஸ்டெல்லா ஒரே வார்த்தையில், லில்லியிடம் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்றாள். சரி என்றேன். அவள் மூன்று நாள் தியானத்துக்குப் போனாள். நான் ஜீப் பிடித்தேன்.

வழியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். மூணாறு குளிர் அவளுக்கு ஆகாது, மறையூரில் வெயில் உண்டு, துணை உண்டு, கரும்பு உண்டு. ஜூலி வழி நெடுக ஒரு சத்தம் போடவில்லை. கூண்டின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஒரு குழப்பமும் இல்ல சாரே, நான் நோக்கிக்கறேன்" என்றார் பண்ணைக்காரர். நான் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறினேன்.

ராஜா உண்மையிலேயே சாது. முருங்கைக்காய் கொடுத்தால் கையால் வாங்கி, நன்றி சொல்வது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கடிப்பான். தியானத்திலிருந்து திரும்பி வந்த ஸ்டெல்லா அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். லில்லியிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சொன்னாள்.

நான் சொல்லவில்லை. லில்லி ஞாயிறுதோறும் வீடியோவில் கூப்பிடுவாள். ஒரு ஞாயிறு ரேஞ்ச் இல்லை என்றேன், அடுத்தது ஜூலி தூங்குகிறாள் என்றேன், அதற்கடுத்து இறகு உதிர்க்கும் காலம், வெட்கப்படுகிறாள் என்றேன். நான்காவது ஞாயிறு நான் பேசிக்கொண்டிருக்கும்போதே ராஜா பின்னாலிருந்து நடந்து வந்து என் தோளில் ஏறி, போனுக்குள் எட்டிப் பார்த்தான்.

லில்லி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு அது என்ன சிவப்பாக என்று கேட்டாள்.

இதற்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்லலாம்? உண்மையைச் சொல்லலாம். பக்கத்து வீட்டுப் பறவை என்றாவது சொல்லலாம். நான், "இங்க குளிர் ஜாஸ்தில்லா? குளிருக்கு நெறம் கொஞ்சம் மாறும்" என்றேன். நாலரை வருஷம் அந்தப் பறவையை மடியில் வைத்து வளர்த்தவளிடம் சொன்னேன். அவள் சரி அத்தான் என்று சொல்லி வைத்துவிட்டாள். தப்பித்துவிட்டேன் என்று நினைத்து அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் எங்கள் மகளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசைக்கு முந்தின நாள் காலையில் லில்லி கொச்சியில் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. லீவு கிடைத்ததாம், மறுநாள் பூசைக்கு வந்துவிடுவாளாம். நான் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டு மறையூருக்கு ஓடினேன். இரண்டு நாளைக்கு ஜூலியைக் கடன் வாங்கி, ராஜாவை எங்காவது மறைத்துவிட்டால் போதும் என்பது திட்டம்.

பண்ணைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு தடவை எனக்குப் போன் செய்தாராம். செய்திருந்தார். ராஜாவைத் திருப்பிக் கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து நான் எடுக்கவில்லை.

ஜூலிக்கு நெஞ்சில் ஒரு இறகு இல்லை. அந்த மஞ்சள் முழுவதையும் அவளே பிடுங்கிப் போட்டிருந்தாள். உரித்த கோழி மாதிரித் தோல். அந்த ஆண் அவளை அண்டவிடவில்லை என்றார் பண்ணைக்காரர். அதனிடமும் ஒட்டவில்லை, மனிதர்களிடமும் ஒட்டவில்லை. என்னைப் பார்த்தாள். கடிக்கக்கூட வரவில்லை.

அங்கேயே உட்கார்ந்து லில்லிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் மனிதன் செய்வது. நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, மகளின் பழைய ரோஸ் நிறக் கம்பளிச் சட்டையில் ஒரு கையை வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு, ஜூலிக்கு மாட்டிவிட்டேன். ராஜாவைக் குளியலறையில் அடைத்தேன்.

மறுநாள் பூசை முடிந்து, நாற்பது பேர் பிரியாணிக்கு உட்கார்ந்திருந்தார்கள். லில்லி வந்ததும் நேராகக் கூண்டுக்குப் போனாள். குளிருக்காகப் போட்டிருக்கிறேன் என்று நான் பின்னாலேயே போனேன். அவள் கூண்டைத் திறந்தாள். மெதுவாக அந்தக் கம்பளியைக் கழற்றினாள். சித்தப்பா, பெரியப்பா, கோயில் உபதேசியார் உட்பட எல்லாரும் இலையில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே நேரத்தில் ஸ்டெல்லாவின் மாமா குளியலறைக் கதவைத் திறக்க, ராஜா நிதானமாக வெளியே நடந்து வந்து, கூட்டத்தின் நடுவே நின்று, தன்னை அறிமுகப்படுத்தப் போவது போல எல்லாரையும் பார்த்தான்.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். லில்லி சிரிக்கவில்லை. ஜூலி அவளிடம் ஓடி வருவாள் என்று நான் நினைத்திருந்தேன். வரவில்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். லில்லி புதுச் சேலையோடு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தாள். பந்தி முடிந்து, இலை எடுத்து, ஆட்கள் கிளம்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு மேல்தான் ஜூலி ஒரு அடி பக்கவாட்டில் நகர்ந்து அவள் விரலை அலகால் தொட்டாள்.

அப்போதுதான் லில்லி என்னிடம் பேசினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"முடியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அத்தான். நான் வேற ஆளப் பாத்திருப்பேனே."

அவ்வளவுதான் சொன்னாள். சந்தர்ப்பம் தெரியாமல் ராஜா என் கால் சட்டையைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ராஜாவை நானே மறையூரில் கொண்டுபோய் விட்டேன். ஒரு தப்பும் செய்யாத பறவை அவன். வழியெல்லாம் ஜூலி கடித்த தழும்பு இருந்த காதோரம் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தான். வீட்டுக்குத் திரும்பியதும் ஸ்டெல்லா, முதல்ல அவ, இப்ப இவன், அடுத்தது நான்தானா என்று கேட்டாள். அதற்கும் நான் சிரிக்கவில்லை.

ஜூலியை லில்லி, தன்னோடு நர்சிங் படித்த ஹசீனாவின் வீட்டில் விட்டாள். பாலக்காட்டில் ஹசீனாவின் கணவருக்குப் பாத்திரக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஹசீனாவுக்கு மக்காவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால் தினமும் இரண்டு மணி நேரம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதத்தில் நெஞ்சில் இறகு வந்தது. முழுவதும் வரவில்லை. கழுத்துக்குக் கீழே ஒரு கையகலம் இன்னும் வெறுந்தோல்தான். இனி முளைக்காதாம்.

எங்கள் குடும்பத்தில் யார் பொய் சொன்னாலும், என்ன, குளிருக்கு நிறம் மாறிவிட்டதா என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. குடும்பத்தில் பிறகு வந்த சின்னப் பிள்ளைகள் அதை ஒரு பழைய சொல்வழக்கு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது பரவாயில்லை. அதற்கு நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன வருஷம் ஹசீனா ஒரு குரல் பதிவு அனுப்பினாள். ஜூலி இப்போது நிறையப் பேசுகிறாள். ஹசீனா மாதிரிப் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறாள், அவள் கணவர் மாதிரி இருமுகிறாள். ஆனால் கடைக்கு யாராவது வந்து பாத்திரத்தைத் தட்டிப் பார்த்தால், உள்ளேயிருந்து கனத்த குரலில் ஒரு ஆள், "சும்மா கெட சனியனே" என்கிறானாம். ஒரு கல்யாண வீட்டுக்காரர் அண்டா வாங்காமலே கோபித்துக்கொண்டு போய்விட்டார். யார் குரல் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. லில்லி ஒரு தடவை கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். என் மச்சினன் அதைத்தான் ரிங்டோனாக வைத்திருக்கிறான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவன் சட்டைப் பையிலிருந்து நான் கத்துகிறேன்.

என்னிடம் இருந்த நான்கு மாதத்தில் அவளிடம் எவ்வளவோ பேசியிருப்பேன் என்று நினைத்திருந்தேன். அவள் எடுத்துக்கொண்டது இது ஒன்றைத்தான். அதிகம் கேட்டதைத்தான் இந்தப் பறவைகள் படித்துக்கொள்ளும் என்று எங்கேயோ ஒரு வீடியோவில் பார்த்திருக்கிறேன்.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாலக்காட்டுக்கு பஸ் ஏறுகிறேன். ஜூலிக்குப் பக்கத்தில் போக மாட்டேன், அவளுக்குப் பிடிக்காது. நான்கு அடி தள்ளி ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, என் குரலிலேயே, மெதுவாக, "நல்லாருக்கியாம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பேன். ஹசீனா டீ கொண்டுவந்து வைப்பாள். ஜூலி தலையைச் சாய்த்துக் கேட்பாள். இதுவரை அதைத் திருப்பிச் சொல்லவில்லை.