இருபது நிமிட ஒளிச் சிகிச்சை

மனித குலத்துக்கு ஒளி கிடைத்த நாள்கள் இரண்டு. ஆதிமனிதன் கல்லோடு கல்லை உரசிய நாள் ஒன்று. மும்பை செம்பூரில் ஜகந்நாதன் வீட்டுக்கு எல்.இ.டி. முகமூடி பார்சலில் வந்த நாள் இன்னொன்று. முதல் நாளின் தேதி யாருக்கும் தெரியாது. இரண்டாவது, அடுக்குமாடிச் சொசைட்டி வாட்ச்மேனின் ரிஜிஸ்டரில் பதிவாகியிருக்கிறது.

அனுப்பியவள் புனேயில் இருக்கும் மகள் சாதனா. அடுத்த மாதக் கடைசியில் மாட்டுங்காவில் அப்பாவுக்கு மணிவிழா. அம்மா ஷ்யாமளா இரண்டாம் முறை மணப்பெண்ணாக உட்காரப் போகிறாள். முதல் முறை உட்கார்ந்தபோது இல்லாத சுருக்கங்கள் இப்போது இருந்தன. வெள்ளை பிளாஸ்டிக் முகமூடி, உள்ளே நூற்றைம்பது குட்டி விளக்குகள். மாட்டிக்கொண்டு, பொத்தானை அழுத்தி, தினம் இருபது நிமிடம் படுத்திருந்தால் சருமம் "புத்துயிர் பெறும்" என்று அட்டைப்பெட்டி சத்தியம் செய்தது. பிடிக்காவிட்டால் முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்.

மாட்டிக்கொள்ளப் போன மனைவியின் கையை ஜகந்நாதன் தடுத்தார். ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடத்தின் பாதுகாப்புப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் ரிஜிஸ்டர் எழுதி, போன மாதம்தான் ரிட்டயர் ஆனவர். இத்தனை வருடத்தில் அவருடைய ரிஜிஸ்டரில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை.

"சோதிச்சுப் பாக்காத எந்தக் கருவியையும் மனுஷா மூஞ்சில நேரா வைக்கப்படாது. அது விதி."

"அப்போ என்னதான் பண்றது?"

ஜகந்நாதன் ஒரு நிமிடம் ஆழ்ந்து யோசித்தார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "இசக்கி, செத்த இங்க வா."

இசக்கிசெல்வி தாராவியிலிருந்து பஸ் பிடித்து வந்து நாலு வீட்டில் வேலை செய்பவள். தண்ணீர் பிடிக்கக் காலை நாலு மணிக்கு நிமிர்த்திய முதுகை அவள் மறுபடி சாய்க்க ராத்திரி பதினொன்று ஆகும்.

"என்ன சார் இது, மூஞ்சிக்கு ஹெல்மெட்டா?"

"விஞ்ஞானம். இதை மாட்டிண்டு தினம் ரெண்டு மணிக்கு இருபது நிமிஷம் படுத்துக்கணும். அசையப்படாது."

"படுக்கணுமா?"

"ஏ.சி. போடணும். சூடு ஆகாதுன்னு எழுதியிருக்கு."

"ஏ.சி.யிலயா?"

"ஏன், பயமா இருக்கா?"

"பயந்தாம் சார்," என்றாள் இசக்கி. "என்ன செய்ய, மாமிக்காவப் படுக்கேன்."

படுக்கையறையில் இடம் ஒதுக்கப்பட்டது. கட்டிலில் அல்ல, கட்டிலுக்குக் கீழே பாயில். விஞ்ஞானத்துக்கும் ஓர் எல்லை உண்டு. புது ரிஜிஸ்டர் ஒன்று திறக்கப்பட்டு, "ஆய்வுப் பொருள்" என்ற கட்டத்தில் இசக்கியின் பெயர் அழகான கையெழுத்தில் ஏறியது. தினமும் அவள் படுக்கும் முன் ஜகந்நாதன் பூதக்கண்ணாடியால் அவள் முகத்தை ஆராய்ந்தார். பதினோரு வருடமாக அந்த வீட்டில் வேலை செய்யும் அவள் முகத்தை அந்த வீட்டார் பார்த்தது அதுவே முதல் முறை.

எட்டாம் நாள் ஷ்யாமளா கூவினாள்: "ஏன்னா, இவ மூஞ்சி பளிச்சுன்னு ஆயிடுத்தே! கண்ணுக்குக் கீழ இருந்த கருப்பைக் காணுமே! போறும் சோதனை, நாளைலேந்து நான் மாட்டிக்கறேன்."

இசக்கி சாயங்காலம் பஸ்ஸில் பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாயிடம் புலம்பினாள்.

"மொகம் நல்லாயிட்டுதாம்க்கா. எம் படுக்கை போச்சு."

"கூறுகெட்டவளே, அப்பம் நல்லா இல்லாத மாரி ஆக்கிரு," என்றாள் ஆறுமுகத்தாய், ஜன்னலை விட்டுத் திரும்பாமலே.

மறுநாள் பாத்திரம் தேய்க்கிற நாரால் கன்னத்தில் ரெண்டு இழுப்பு இழுத்துக்கொண்டு போய் நின்றாள். ஜகந்நாதன் பரவசமானார். "பக்க விளைவு! நான் சொல்லலே?"

"ஐயய்யோ! இன்னிக்கே திருப்பி அனுப்பிடுங்கோ," என்று பதறினாள் ஷ்யாமளா.

இசக்கி குறுக்கே வந்தாள். "மாமி, இது கொசுக் கடியாட்டு இருக்கும். நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டு அனுப்புங்களேன்," என்று கெஞ்சிவிட்டு, மறுநாள் தயிரைப் பூசிக் கழுவிக்கொண்டு வந்தாள். கன்னம் தெளிந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் நெற்றியில் நார்.

நல்ல முடிவு வந்தாலும் ஆராய்ச்சி முடிந்துபோகும். கெட்ட முடிவு வந்தாலும் முடிந்துபோகும். முடிவே வராத ஆராய்ச்சிதான் நீடூழி நடக்கும். பெரிய பெரிய நிறுவனங்கள் கோடிகளைக் கொட்டிக் கண்டறிந்த இந்த உண்மையை, ஒரு முழ நாரும் ஒரு கரண்டித் தயிரும் கொண்டு இசக்கி கண்டறிந்தாள். ரிஜிஸ்டரில் வரிசையாக "மேலும் ஆய்வு தேவை" என்று விழுந்தது. வேலை பார்த்த காலத்தில்கூட ஜகந்நாதன் இவ்வளவு சந்தோஷமாக எழுதியதில்லை.

இருபத்தேழாம் நாள் சாதனா வீடியோ காலில் வந்தாள்.

"அம்மா, நீ அதை யூஸே பண்ணலையா? என் ஃபோன்ல அதோட ஆப்ல மொத்தமே பதினோரு நிமிஷம்தான் எரிஞ்சதாக் காட்டறது."

விசாரணைக் கமிஷன் சோபாவில் அமர்ந்தது. இசக்கி ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நின்றாள். நாலு வீட்டில் ஒரு வீடு போயிற்று என்று முடிவுகட்டிவிட்டாள்.

"மொத நாளு மட்டுந்தாம் சார் எரிஞ்சுது. வெளிச்சம் கண்ணக் குத்திச்சு, தூக்கம் வரல. அமத்திட்டேன்."

"அப்போ இத்தனை நாளா அதுக்குள்ள என்ன பண்ணினே?"

"ஒறங்குனேன்."

ஜகந்நாதன் கோபப்படவில்லை. அதுதான் அவருடைய பெருமை. அன்றே ஏழு பக்க இறுதி அறிக்கை தயாரானது. "ஆய்வுப் பொருளின் முகத் தெளிவுக்குக் காரணம் ஒளி அன்று, பகல் தூக்கம் என்பது ஐயமற நிரூபணமாகிறது." முகமூடி இருபத்தொன்பதாம் நாள் வந்த வழியே போனது. பரிந்துரைகள் உடனே அமலுக்கு வந்தன. தினம் இரண்டு மணிமுதல் ஏ.சி.யில், கட்டிலில், ஷ்யாமளா தூங்குவாள்.

"ரெண்டு மணிக்கு மேல பாத்திரச் சத்தம் கேக்கப்படாது, இசக்கி," என்றார் ஜகந்நாதன். "அதனால நீ இருபது நிமிஷம் முன்னாடி வந்துடணும்."

"இங்க முந்தணும்னா, இதுக்கு முந்துன ரெண்டு வீட்டுலயும் முந்தணும் சார். அப்பம் காலையில மூணே முக்காலுக்கு எந்திக்கணுமே."

"மூணே முக்கால் இல்லை. மூணு நாப்பது. கணக்குன்னா கணக்கு." அவள் முகம் வாடியதைக் கண்டு அவருக்கே மனசு கேட்கவில்லை, இதமாக விளக்கினார். "பாரு, ஆற்றலைப் புதுசா யாராலயும் உண்டாக்க முடியாது. அழிக்கவும் முடியாது. ஒரு எடத்துலேந்து இன்னொரு எடத்துக்கு மாத்தத்தான் முடியும். இது பௌதிகம். நாம என்ன பண்றது?"

மணிவிழாவில் ஷ்யாமளாவின் முகம் ஜொலித்தது. விசாலாக்ஷி மாமி மேடை ஏறி வந்து, கன்னத்தைத் தொட்டே பார்த்துவிட்டாள்.

"நெஜத்தைச் சொல்லுடி, என்ன க்ரீம்?"

"க்ரீமும் இல்லே, ஒண்ணும் இல்லே மாமி," என்றாள் ஷ்யாமளா, வெட்கத்தோடு. "நல்ல தூக்கம். அவ்வளவுதான்."

காப்பித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த இசக்கி கொட்டாவியை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நல்ல தூக்கந்தாம் மாமி. என்னுது."