சீனி தனியா

ஊட்டியில ஒரு பெரிய ஹோட்டல் மேனேஜர் என்னைப் பார்த்து சேரை விட்டு எழுந்து நின்னாருங்க. கோட்டு சூட்டு போட்ட மனுஷன் நம்மளப் பார்த்து எழுந்து நின்னாருன்னா சும்மாவா? சும்மாதான். மரியாதைக்கு எழுந்தாருன்னு, எங்க வரிசை வீட்டு ஆளுங்களைத் தவிர, ரொம்ப வருஷமா சேரம்பாடி முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். பொய். சூடான தேத்தண்ணி மடியில விழுந்தா நீங்களும்தான் எழுந்து நிப்பீங்க.

ஆனா தப்பு என் மேல இல்ல. அதை இன்னிக்கு எழுதித் தீர்த்துடணும்னுதான் உட்கார்ந்திருக்கேன்.

தேயிலை விலை விழுந்து கெடந்த காலம். எஸ்டேட்டுல பாதி நாள் வேலை கெடையாது, மீதி நாள் அரைப்பேரு. (அரைப்பேருன்னா பாதி நாள் கூலி. ஆளு முழுசா வேணும், பேரு மட்டும் பாதி. இது என்ன கணக்குன்னு எவனும் கேக்கல.) நான் எட்டாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்புடு போட்டவன். மருந்து அடிக்கிற டேங்கை என் முதுகுல மாட்டிவிட எங்கப்பா நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்பத்தான் கூடலூர்ல ஒரு கம்யூனிட்டி காலேஜ் இருக்கு, எட்டாவது போதும், ஹோட்டல் வேலை சொல்லிக்குடுத்து வேலையும் வாங்கித் தர்றாங்கன்னு கேள்விப்பட்டேன்.

கேட்டதும் அப்பா சரின்னுட்டாரு. எனக்கே ஆச்சரியம். அப்புறம்தான் விஷயம் தெரிஞ்சுது. சிலோன்ல இருந்து வந்த நாள் மொதக்கொண்டு கம்யூனிட்டி சர்டிபிகேட்டுக்காக தாலுக்கா ஆபீஸ் படி ஏறி ஏறி அவரு செருப்பு தேஞ்சு போச்சு. சரி, கவுருமெண்டுக்குப் புத்தி வந்து கம்யூனிட்டிக்குன்னே தனியா ஒரு காலேஜ் தொறந்துட்டான்னு நெனச்சுக்கிட்டாரு. சேர்த்துவிட வந்த அன்னிக்கு ஸ்டெல்லா மேடத்துக்கிட்ட நேராவே கேட்டாரு.

"எத்தனை மாசத்துல குடுப்பீங்கம்மா?"

"ஆறு மாசங்க ஐயா. கோர்ஸ் முடிஞ்சதும் சர்டிபிகேட் கையில."

"குடும்பத்துக்கே சேர்த்து ஒண்ணா, ஆளுக்கு ஒண்ணா?"

மேடம் என்னைப் பார்த்தாங்க. நான் கூரையைப் பார்த்தேன்.

காலேஜுன்னா சினிமாவுல வர்ற மாதிரி மரம், மைதானம்னு நெனச்சுடாதீங்க. சிமெண்ட் கடை மாடியில ரெண்டு ரூம். ஒண்ணுல தையல், ஒண்ணுல நாங்க. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சா எங்க ரூம் கம்ப்யூட்டர் கோர்ஸா மாறிடும். இருந்ததே ஒரு கம்ப்யூட்டர். அதுக்குக் குளிரும்னு துண்டு போத்தி வச்சிருப்பாங்க. எங்களுக்குக் குளிராதான்னு கேக்க நாதி இல்ல. ஸ்வெட்டர் மேல செவப்பு டை கட்டிக்கிட்டு, டம்ளர் டம்ளரா தண்ணி ரொப்பின தட்டைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறி எறங்கணும். அந்த ஆறு மாசமும் சிமெண்ட் கடைக்காரரு உள்ளயே குடை புடிச்சுக்கிட்டுதான் யாவாரம் பண்ணாரு.

ஸ்டெல்லா மேடம் கோயமுத்தூர்க்காரங்க. அடிக்கடி ஒண்ணு சொல்லுவாங்க. "கெஸ்ட்டு வாயத் தொறந்து கேக்கறதுக்கு முன்னாடியே அவருக்கு என்ன வேணும்னு நாம கண்டுபுடிக்கோணுங்க தம்பி. அவரு கண்ணப் பாருங்க, கையப் பாருங்க."

கையப் பாருங்கன்னு சொன்னது யாரு? அவங்கதானே? இதை மறந்துடாதீங்க. என் கேஸுல இதுதான் மொத சாட்சி.

கடைசிப் பரிச்சை ஊட்டி ஹோட்டல்லயே நடந்துச்சு. மேனேஜரே கெஸ்ட்டா உட்காருவாரு, நாங்க ஒவ்வொருத்தரா பரிமாறணும். அவருக்குப் புடிச்சா அங்கயே வேலை. எங்கம்மா எஸ்டேட்டு வரிசை வீடு, அதான் லயன், முழுக்க, எம்மகன் ஊட்டியில ஆபீஸரா போறான்னு சொல்லி முடிச்சிருந்தாங்க. அப்பாவோ மருந்து டேங்கைக் கழுவி வாசல்ல கவுத்து வச்சிருந்தாரு. வேலை கெடைக்கலைன்னா மறுநாள் காலையில அது என் முதுகுல. அவ்வளவுதான்.

என் முறை வந்துச்சு. தட்டு ஆடல. குட் மார்னிங் சார்னேன், நாக்கு பெறளல. தேத்தண்ணியை ஊத்தினேன், சாஸர்ல ஒரு சொட்டு விழல. ஸ்டெல்லா மேடம் தூண் ஓரமா நின்னு சிரிச்சாங்க. வேலை கெடைச்சுடுச்சுன்னே நெனச்சேன்.

அப்ப அந்த மனுஷன் சொன்னாரு, "சுகர் தனியா."

சொல்லிட்டு உள்ளங்கையை என் பக்கம் நீட்டினாரு.

நீங்களே சொல்லுங்க. சீனி தனியாங்கறாரு. கையை விரிச்சு நீட்டறாரு. எங்க லயன்ல கைப்புள்ளைக்குக்கூட இதுக்கு அர்த்தம் தெரியும். சீனியைத் தேத்தண்ணியில கலக்கினா எத்தனை கரண்டி போட்டாலும் எங்க போச்சுன்னு தெரியாது. உள்ளங்கையில வச்சுக்கிட்டு ஒரு நக்கு, ஒரு மொடக்குன்னு குடிச்சா துளியூண்டு சீனியில ஒரு டம்ளர் எறங்கும். சிலோன்ல இருந்தே எங்காளுங்க அப்படித்தான். இவ்வளவு பெரிய மனுஷன் நம்ம பழக்கத்துல குடிக்கிறாரேன்னு எனக்கு அப்படியே நெஞ்சு குளுந்து போச்சு.

நல்லா கூம்பாச்சியா ரெண்டு கரண்டி அவரு கையில போட்டேன். சிந்திடப் போவுதேன்னு அவரு விரலை நானே மடக்கியும் விட்டேன். (இந்த விரல் மடக்கினதுதான் ரொம்ப ஓவர்னு மேடம் பின்னாடி சொன்னாங்க.)

அவரு கையப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. பாவம், எப்படிக் குடிக்கிறதுன்னு தெரியல போலன்னு நெனச்சேன். கெஸ்ட்டுக்கு வெளக்கிச் சொல்றதும் நம்ம வேலைதானே? தெரிஞ்ச இங்கிலீஷ்ல பணிவா சொன்னேன்.

"லிக் அண்ட் டிரிங்க், சார்."

கையை ஒதறினாரு. கப்பு கவுந்துச்சு. எழுந்து நின்னாரு.

"எந்தக் காட்டுல இருந்து மேடம் இவனைப் புடிச்சீங்க?"

மேடம் பதட்டத்துல, "சேரம்பாடிங்க சார்"னுட்டாங்க.

அவரு கேட்டது சீனிக் கிண்ணத்தையாம். கிண்ணத்தைக் கேக்கறவன் கிண்ணம்னு சொல்லணும்ல? தனியான்னாரு, தனியாத்தானே குடுத்தேன்? கலக்கியா குடுத்தேன்? அந்தாளு பேண்ட் நனைஞ்சதுக்கு நூறு துண்டு ஓடி வந்துச்சு. என் வேலை போறதுக்கு ஒரு வாய் தொறக்கல.

ஒரு வாய் தொறந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஸ்டெல்லா மேடம்தான். "சார், பையன் தட்டை ஆட்டாமக் கொண்டு வந்தானுங்க, அதைப் பாருங்க சார்"னு விடாமப் புடிச்சுக்கிட்டாங்க. கடைசியில அந்த மனுஷன் கையைத் தொடச்சுக்கிட்டே, "சரி, கப்பு கழுவட்டும். ஆனா எந்த கெஸ்ட் கண்ணுலயும் இவன் படக்கூடாது"ன்னாரு.

ஆறு மாசம் டை கட்டினது கப்பு கழுவறதுக்கு.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அம்மா கொழுந்துக் கூடையை டமார்னு வச்சாங்க. "சீனி தனியான்னா கையில போடாம காதுலயா போடுவாங்க? அந்தாளுக்குத் தேத்தண்ணி குடிக்கத் தெரியலடா." லயனே எங்கம்மா பக்கம். அப்பா மட்டும் சர்டிபிகேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"ஜாதி எங்கடா போட்டிருக்கு?"

"ஹோட்டல் சர்வீஸ்னு போட்டிருக்குப்பா."

"அது எந்த லிஸ்ட்டுல வருது?"

அப்பா மருந்து டேங்கைத் தூக்கி உள்ள வச்சுட்டாரு. அதுவரைக்கும் எனக்கு சந்தோசம்.

நான் கப்பு கழுவப் போன மொத நாளே ஹோட்டல் பூரா கதை பரவிடுச்சு. சமையக்காரன்ல இருந்து தோட்டக்காரன் வரைக்கும் என்னை எட்டிப் பார்த்துட்டுப் போனானுங்க. மிருகக்காட்சி சாலைன்னா டிக்கெட்டாவது வாங்கியிருப்பானுங்க. துணி தொவைக்கிற செக்ஷன்ல லதான்னு மேட்டுப்பாளையத்துப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. இப்ப என் சம்சாரம். அதுவும் வந்துச்சு. நேரா என் முன்னாடி வந்து நின்னு, உள்ளங்கையை விரிச்சு நீட்டுச்சு. எனக்கா ரோசம் பொத்துக்கிச்சு. சீனி டப்பாவை எடுத்தேன். எடுத்து அந்தப் புள்ள கையில நான் என்ன பண்ணேன் தெரியுமா, அதோட கண்ணையே பார்த்துக்கிட்டு—

"ஏனுங்க லிக் அண்ட் டிரிங்க், அடுப்புல பால வெச்சுப்போட்டு அங்க என்னத்த எழுதிட்டு இருக்கறீங்க?"

வர்றேன் தாயி.