சாரோங் அக்காவும் கறுப்பு லாங்சீரும்

ஈப்போவில் எந்தப் பொருளும் துணி இல்லாமல் நிற்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு பிறந்தவர் ஒரே ஒருவர்தான். எங்கள் ஜெலாப்பாங் அடுக்குமாடியில் அவருக்குச் சாரோங் அக்கா என்று பெயர். தலையணை உறையைக்கூடச் சாரோங் என்று சொல்லும் ஊர் எங்களுடையது. ஆகவே உறை தைப்பவருக்கு அந்தப் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருந்திருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

அக்காவுக்குத் தொழிற்பேட்டையில் சோபாவுக்கு மேல்துணி தைக்கும் வேலை. நாள் முழுக்கத் தைத்த மனுஷி வீட்டுக்கு வந்தால் ஊசியைத் திரும்பிக்கூடப் பார்க்கக் கூடாது, இல்லையா? இவர் மோட்டார் சைக்கிளின் முன்னாலும் பின்னாலும் வெட்டுத்துணி மூட்டைகளைக் கட்டிக்கொண்டு வருவார். உலையில் அரிசி வேகும் முன்பே தையல் மெஷின் கடகடக்க ஆரம்பித்துவிடும். கேஸ் சிலிண்டருக்கு மூன்றடுக்குச் சுருக்கு வைத்த பாவாடை. அரிசி டப்பாவுக்கு முழுக்கைச் சட்டை. ரிமோட்டுக்குப் பொத்தான் வைத்த கோட்டு. ஒருநாள் எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டிக்கும் சரிகை வைத்து ஒரு காலர் வந்து சேர்ந்தது. குப்பை அள்ள வந்தவர் அதைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கதவைத் தட்டிக் கேட்டார்.

"எதுக்குக்கா இதெல்லாம்?" என்றேன் ஒருமுறை.

"பாக்கப் பாவமா இருக்குலா தம்பி. நம்ம எல்லாரும் உடுத்திக்கிட்டு இருக்கோம். அது மட்டும் சும்மா நிக்குது."

தையலோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. போனில் யாரோ சுவரில் அலமாரி மாட்டுவதைப் பார்த்தார். மறுவாரமே டிரில் ஒன்று வாங்கிவிட்டார். எங்கள் அடுக்குமாடிச் சுவர்கள் எவ்வளவு மெல்லியவை என்று அந்த வீடியோக்காரருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மனிதர் நாற்காலியில் சாய்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது, காதுக்குப் பக்கத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டு இரும்பு மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் அலறிய அலறலில் கீழ்வீட்டு நாய் குரைத்தது. ஓட்டை வழியாக அக்காவின் குரல் வந்தது.

"பயப்படாதீங்க அண்ணே. உங்களுக்கும் சேத்துத்தான் போட்டிருக்கேன். அந்தப் பக்கம் ஒரு ஹூக்கைச் சொருகிப் பாசாங் பண்ணிக்கங்க, காலண்டர் மாட்டலாம்."

அந்தக் காலண்டர் இன்னும் அங்கேதான் தொங்குகிறது.

என் அம்மாவுக்கு மட்டும் இவரைக் கண்டால் ஆகாது. "அவளை உள்ள விட்டா, அசந்து தூங்குறப்ப எனக்கும் ஒரு உறை தச்சுப் போட்டுருவா" என்பார். அக்கா அளவெடுக்கும் நாடாவோடு வருவதைப் பார்த்தால் கதவைச் சாத்திவிடுவார். அக்கா அதற்கெல்லாம் அசரும் ஆளில்லை. சாத்திய கதவின் பிடிக்கு அளவெடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் என் தங்கை மாலாவின் விஷயம் வந்தது. கூட வேலை செய்யும் காம்பார் ஊர்ப் பையன் ஒருவனை அவள் விரும்பினாள். பையன் தங்கம். சிக்கல் அவனுடைய அம்மா. அவர் பள்ளிக்கூடத்தில் வாழ்வியல் திறன் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். ஆணி அடிப்பதும் ஏப்ரன் தைப்பதும் சொல்லிக் கொடுப்பார்களே, அந்தப் பாடம்தான். ஓரம் ஒரு நூல் கோணினாலும் மொத்தத்தையும் பிரிக்கச் சொல்வாராம். அவரிடம் படித்தவர்கள் இன்றைக்கும் அவரைத் தூரத்தில் கண்டால் சட்டையைச் சரிசெய்துகொள்வார்களாம்.

"பொண்ணு வீட்டை என் கண்ணால பாத்துட்டுத்தான் வாயைத் தொறப்பேன்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். அம்மா வேண்டாம் என்றால் தன்னால் மீற முடியாது என்று பையனும் மாலாவிடம் சொல்லிவிட்டான். மாலாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் வருவதாகத் தகவல்.

எங்கள் வீட்டுச் சுவர் அக்காவுடையதைவிட மெல்லியது போலிருக்கிறது. சனிக்கிழமை காலையில் அவர் வாசலில் நின்றார்.

"பெரியம்மா, வீட்டை என்கிட்ட விட்டுருங்க. புது லாங்சீர் போட்டா ஊடு அரமனையாட்டம் ஆயிரும்."

தீபாவளிக்குத் தீபாவளி ஜன்னலுக்கு லாங்சீர்த் திரை மாற்றாவிட்டால் பண்டிகையே வந்ததாகச் சேர்த்தியில்லை எங்கள் பக்கம். இது அதைவிடப் பெரிய காரியம். வேறு வழியில்லாமல் அம்மா தலையாட்டினார். அக்கா பழைய லாங்சீரைக் கழற்றி எடுத்துக்கொண்டு பறந்தார். மாலை பாசார் மாலாம் இரவுச் சந்தையில் குண்டு பல்பு வெளிச்சத்தில் ஒரு துணியைத் தேர்ந்தெடுத்தார். நல்ல மாதுளம்பழ நிறம் என்று போனில் கூவினார். தன் வீட்டு மஞ்சள் விளக்கில் உட்கார்ந்து தைத்தார்.

ஞாயிறு காலை நாங்கள் பசியாறிக்கொண்டிருந்தபோது வந்து மாட்டினார். ஜன்னல் வழியாக வெயில் விழுந்தது. லாங்சீர் கன்னங்கரேலென்று தொங்கியது.

அக்கா துணியை இப்படிப் பிடித்துப் பார்த்தார், அப்படிப் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் கறுப்புதான்.

"நல்ல காரியத்துக்கு வாராங்க புள்ள. நுழைஞ்சதும் கறுப்புல முழிக்கணுமா?" என்றார் அம்மா.

"பழசையே மாட்டிரலாமா?" என்றேன்.

அக்கா சோபாவைக் காட்டினார். அங்கே புத்தம்புதுக் குஷன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. "பழசு அதான் தம்பி" என்றார்.

லாங்சீரே இல்லாமல் விடவும் முடியாது. எங்கள் கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே அடுத்த பிளாக்கின் துணிக்கொடிகள். திறந்துபோட்டால் அத்தனை பேருடைய உள்ளாடையும் விருந்துக்கு வந்த மாதிரி இருக்கும். மாலா பட்டுச் சேலையோடு, பாதி பூ வைத்த சடையோடு நின்றாள். அழுதால் மை கரைந்துவிடும் என்று அழாமல் நின்றாள்.

அவளை ஒருமுறை பார்த்தார் அக்கா. போனை எடுத்து எங்கள் பிளாக் வாட்சாப் குழுவில் பேசினார்.

"யாரும் கேள்வி கேக்காதீங்க. பழைய சேலை வேணும். கிழிஞ்சாலும் பரவால்ல. மாலா ஊட்டுக்குக் கொண்டாங்க, இப்பவே."

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. படிக்கட்டெல்லாம் செருப்புச் சத்தம். ஆளுக்கொரு சேலையோடு வந்தார்கள். நான்காம் மாடியிலிருந்து ஒன்று பறந்தே வந்தது. மலாய்க்கார அம்மா ஒருவர் பூ அச்சிட்ட பாத்தேக் துணி கொடுத்தார். கீழ்வீட்டுச் சீன அம்மா சேலை இல்லாத குறைக்குப் பூப்போட்ட மேசைவிரிப்பை உருவிக்கொண்டு வந்தார், அதில் சாதம் ஒட்டியிருந்தது. டிரில்லுக்குத் தப்பிய பக்கத்து வீட்டு மனிதர் தையல் மெஷினைத் தோளில் சுமந்து வந்து கூடத்தில் வைத்தார்.

நான் கட்டம் கட்டமாக வெட்டினேன். அம்மா இஸ்திரி போட்டார். அக்கா தைத்தார். தைத்தார் என்றா சொன்னேன்? பறந்தார். பச்சைக்குப் பக்கத்தில் குங்குமச் சிவப்பு, அதற்குக் கீழே பாத்தேக், ஓரத்தில் சீன அம்மாவின் ரோஜாக்கள். எது எதோடு சேரும் என்று அந்தக் கைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "விடாதே புள்ள, ஓட்டு ஓட்டு" என்று மெஷினுக்குப் பக்கத்தில் நின்று கத்தியது வேறு யாருமில்லை, என் அம்மாதான்.

கீழே கார் ஹாரன் கேட்டது. அக்கா முக்காலியில் ஏறி மாட்டினார். கூடமே திருவிழாவானது.

"கீழ் ஓரம் இன்னும் மடிச்சு அடிக்கல பெரியம்மா."

"யாரு குனிஞ்சு பாக்கப் போறா? விடு."

டீச்சர் மகனோடு உள்ளே வந்தார். மாலாவைப் பார்க்கவில்லை. பலகாரத் தட்டைப் பார்க்கவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இது எங்க வாங்குனது?"

"கடையில" என்றார் அம்மா.

"இல்ல டீச்சர், நான் தச்சது" என்றார் அக்கா அதே நொடியில். "எல்லாம் பிளாக்குல உள்ளவங்க குடுத்த பழைய சேலை. கறுப்புத் துணி வாங்கித் தொலைச்சது நானு. இவங்க மேல தப்பு இல்ல."

மாலா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளைப் பையன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தான்.

"ஓரம் ஏன் மடிக்கல?"

"நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க டீச்சர்."

அந்த அம்மாளிடம் அப்படிப் பேசிய மாணவி இதுவரை பிறந்திருக்க மாட்டாள். டீச்சர் நிமிர்ந்து அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"எப்ப ஆரம்பிச்ச?"

"பசியாறுனதுக்கு அப்புறம்."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான் டீச்சர்."

டீச்சர் கைப்பையை நாற்காலியில் வைத்தார். பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்தார். "ஊசி ரெண்டு கொண்டா. நீ அந்த முனையிலேர்ந்து வா, நான் இந்த முனையிலேர்ந்து வாரேன்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டே நடுவை நோக்கி நகர்ந்தார்கள். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம்.

"பொண்ணு எப்படி?" தலையைத் தூக்காமல் கேட்டார் டீச்சர்.

"தைக்கவே தெரியாது டீச்சர். பொத்தான்கூட நான்தான் வச்சுக் குடுக்கணும்."

அம்மா என் கையைப் பிடித்து நசுக்கினார்.

"ஆனா போன வருசம் வேலையில மெஷின் ஊசி என் வெரல்ல ஏறி முறிஞ்சிருச்சு. எனக்கு வேற யாரும் இல்ல, இவளுக்குத்தான் போன் அடிச்சேன். அன்னைக்கு அவ புது வேலையில சேர வேண்டிய மொத நாள். போகல. ஆஸ்பத்திரியில வெரலைத் தச்சு முடிக்கிற வரைக்கும் என் தலையைத் தன் பக்கம் திருப்பிப் புடிச்சிக்கிட்டே நின்னா, நான் பாக்கக்கூடாதுன்னு. ஊட்டுல சொல்லாதீங்கக்கான்னா. இப்பதான் சொல்றேன்."

முதல் நாள் வேலைக்குப் போய்விட்டு வந்ததாக அன்று மாலா எங்களிடம் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும். என் கை விடுபட்டது.

இரண்டு ஊசிகளும் நடுவில் சந்தித்தன. டீச்சர் முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார். எழுந்து மாலாவின் சடையில் மீதிப் பூவைத் தானே வைத்துவிட்டார்.

"தைக்க நான் சொல்லிக் குடுத்துக்கிறேன்" என்றார் அம்மாவிடம். "நாள் பாருங்க."

கல்யாணம் ஈப்போவிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் பெண் வீட்டார் மேடையில் படத்துக்கு நின்றோம். சாரோங் அக்கா மேடைக்குப் பின்னால் இருந்தார். அலங்காரக்காரர் தொங்கவிட்டிருந்த திரை சுருக்கமாக இருந்ததாம், பொறுக்க முடியாமல் இழுத்துக் குத்திக்கொண்டிருந்தார். வாயில் குண்டூசியோடு எட்டிப் பார்த்தவரிடம், "குடும்பத்துல உள்ளவங்க மட்டும் நிக்கட்டும்கா, கொஞ்சம் ஒதுங்குங்க" என்றார் படம் எடுப்பவர்.

"நான் பக்கத்து ஊடுதான், போறேன் போறேன்" என்று அக்கா நகர்ந்தார்.

அம்மா எட்டி அவர் கையைப் பிடித்தார். வாயிலிருந்த குண்டூசிகளைப் பிடுங்கித் தன் முந்தானையில் குத்திக்கொண்டார். மாலாவுக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார்.

"இவ எங்க மூத்த மக. நீ எடு தம்பி."

அதுவரை எங்கள் வீட்டில் மூத்த பிள்ளை நான்தான். பதவி போனதில் எனக்கு இம்மியும் வருத்தமில்லை. எனக்கும் ஓர் அக்கா வேண்டித்தான் இருந்தது.