உண்மை விளம்பியின் காப்புப் பிரதி

செவ்வாய்க்கிழமை காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும், உள்ளே யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி சத்தம் வந்தது. ஞானதாசன் சட்டென்று அணைத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு மறுபடியும் போட்டார். துருவல் நிற்கவில்லை.

ஜங்ஷனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஜான்ரோஸ் வந்து, பெட்டியில் காதை வைத்துக் கேட்டான்.

"ஹார்டு டிஸ்க் போகப்போவுது சார். இன்னும் ஒரு மாசம் ஓடினா பெரிசு. உள்ள இருக்கத ஒடனே பேக்கப் எடுத்து வச்சுக்கிடுங்க. என்ன இருக்கு உள்ள?"

"குடும்ப போட்டோ" என்றார் ஞானதாசன்.

சுத்தப் பொய். குடும்ப போட்டோவெல்லாம் அலமாரியில் ஆல்பத்தில் இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்தவை இருநூற்று நாற்பத்தொரு மொட்டை மனுக்கள்.

அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களின் மனுக்களுக்குப் பதில் எழுதியே ஓய்ந்தவர் அவர். அப்பா பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்று 2005இல் துபாயிலிருந்து பணம் அனுப்பி கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தான் மகன் பிரைட்டன். அப்பா பேரப்பிள்ளையை இரண்டு தடவை பார்த்தார். பிறகு தமிழ் டைப்பிங் படித்துக்கொண்டார். அதற்கப்புறம் ஊரில் யாரும் நிம்மதியாக ஒரு மதில் கட்டியதில்லை.

மனு முதலமைச்சருக்கு அல்லது கலெக்டருக்கு. நகல் இன்னும் நாலு பேருக்கு. கீழே 'இப்படிக்கு, உண்மை விளம்பி'. ஊர்த் தபால் பெட்டியில் போடமாட்டார். பஸ் ஏறி நாகர்கோவில் போய், வாரம் ஒரு பெட்டியாக மாற்றிப் போடுவார். சந்தேகம் வராதிருக்க இன்னொரு தந்திரமும் வைத்திருந்தார். ஒவ்வொரு மனுவிலும் எங்காவது ஒரு வரி சேர்ப்பார்: 'இப்பகுதியில் வசிக்கும் கண்ணியமிக்க ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர் திரு. ஞானதாசன் போன்றோரும் இதனால் அல்லலுறுகின்றனர்.' பாதிக்கப்பட்ட மனிதரைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்?

இத்தனைக்கும் ஒரு மனுவின்மேலும் நடவடிக்கை வந்ததில்லை. ஆனாலும் அதுதான் அவருடைய உயிர். புது மனு ஒவ்வொன்றும் 'பார்வை' என்று பழைய மனுவின் தேதியைச் சொல்லித்தான் தொடங்கும். பழையது போனால் புதியது எழுத வழியில்லை. அதனால் பேக்கப் எடுத்தே தீரவேண்டும். ஆனால் அது ஒருவர் கண்ணிலும் படக்கூடாது.

முதலில் சி.டி. தானே தட்டுத்தடுமாறிப் பதிந்து, மேலே 'செபமாலை தியானங்கள்' என்று எழுதி வைத்தார். ஜெபத்தை யார் தானாகப் போய்த் தொடப்போகிறார்கள் என்பது அவர் கணக்கு. அவர் மனைவி செசிலி தொட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் தெருக்காரர்கள் கூடி ஜெபம் சொல்லும் அன்பியக் கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோய், கூட்டம் நடந்த ஜெபகுமாரி வீட்டு பிளேயரில் போட்டுவிட்டாள். விஷயம் தெரிந்ததும் ஞானதாசன் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"ஒண்ணும் பாடல்லியே" என்றாள் செசிலி. "கொர்ருன்னு சுத்திச்சு, அவ்வளவுதான். ஃபாதர் வந்ததும் கோவில் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கச் சொல்லலாம்னு இருக்கோம்."

அந்த ஃபாதரைப் பற்றி மட்டும் அதில் ஒன்பது மனுக்கள் இருந்தன, ஆயருக்கு நகலோடு. ஞானதாசன் சி.டி.யைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினார். வழியில் அதை நாலாக உடைத்து, நாலு இடத்தில் வீசினார்.

அடுத்தது இமெயில். தனக்குத் தானே அனுப்பிக்கொண்டால் எங்கேயோ பத்திரமாக இருக்கும் என்று கேள்விப்பட்டு, இன்னொரு சி.டி.யில் பதிந்து எடுத்துப்போய், நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அனுப்பினார்; கையோடு அந்த சி.டி.யையும் உடைத்துப் போட்டார். பாஸ்வேர்டை எழுதி வைக்கவில்லை, எழுதினால் சாட்சியாகிவிடும். மறந்தால் கேட்பதற்கென்று ஒரு கேள்வி வந்தது: நீங்கள் முதலில் படித்த பள்ளி எது? உண்மையைச் சொன்னால் கூடப் படித்தவனெல்லாம் உள்ளே நுழைந்துவிடுவான் என்று ஒரு பொய்யை எழுதினார். மூன்றாம் நாள் பாஸ்வேர்டு மறந்தது. கேள்வி வந்தது. என்ன பொய் சொன்னோம் என்பதும் மறந்திருந்தது. மாவட்டத்தில் இருக்கிற அத்தனை பள்ளிக்கூடத்தையும் எழுதிப் பார்த்தார். கதவு திறக்கவில்லை.

கடைசியில் ஒரு பென் டிரைவ் வாங்கினார். ஏற்றியாயிற்று, எங்கே ஒளிப்பது? பரணில் கிறிஸ்துமஸ் குடில் பெட்டி இருந்தது. சுரூபப் பொம்மைகளுக்கு நடுவே பழைய வைக்கோல். வருஷத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள். வைக்கோலுக்குள் செருகிவிட்டு இறங்கியபோது, தன் புத்தியை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது.

அதற்குள் துருவல் உச்சத்துக்குப் போயிருந்தது. பெட்டியைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், உள்ளே இருப்பதைப் புது டிஸ்க்குக்கு நானே மாற்றித் தருகிறேன் என்றான் ஜான்ரோஸ். அவன் கடை ஜெனரேட்டரைப் பற்றி மட்டும் பதினேழு மனுக்கள் இருந்தன. பென் டிரைவில்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஞானதாசன் கம்ப்யூட்டரில் இருந்ததை ஒன்று விடாமல் அழித்தார். குப்பைத் தொட்டியையும் காலி செய்தார். ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், பின்பக்கம் புகை.

"என்னத்தட்டி எரிக்குத?"

"குடில் பெட்டி வைக்கோலாக்கும்" என்றாள் செசிலி. "பூரா கரப்பான். டிசம்பர் பொறக்க ரெண்டு நாளுதானே இருக்கு."

ஊரில் யார் எந்தத் தேதியில் எத்தனை அடி ஆக்கிரமித்தார் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடிய மனிதர், அது எந்த மாதம் என்பதை மறந்துபோனார். கம்பால் சாம்பலைக் கிண்டினார். உருகிக் கறுத்த ஒரு துண்டு கிடைத்தது. நகத்தளவுதான் இருந்தது.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. உண்மையாகவே அழுகை வந்தது. என்னவென்று சொல்லவும் முடியாது. செசிலி கஞ்சி வைத்துக் கொடுத்து, பிரைட்டனுக்கு போன் போட்டு, அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்றாள். போட்டோ ஒன்றுகூட இல்லையே சார் என்று சொல்லி, கம்ப்யூட்டரைத் திருப்பிக் கொடுத்தான் ஜான்ரோஸ். ஞானதாசன் அதன் முன்னால் உட்கார்ந்து 'பார்வை' என்று அடிப்பார்; அப்படியே கையைக் கட்டிக்கொள்வார். ஜெனரேட்டர் முழு மூச்சாக அலறியது. பக்கத்து வீட்டுக்காரன் மதிலை ஒரு அடி தள்ளியே கட்டினான். ஞானதாசன் ஜன்னலைச் சாத்தினார்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், பஞ்சாயத்து ஆபீசில் பெருக்கித் துடைத்து ஃபைல் எடுத்துக் கொடுக்கும் தாணம்மாள் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்து நின்றாள்.

"சாருக்கு மேலுக்குச் சொகமில்லியா? பாத்துட்டு வரச்சொல்லி பிரசிடெண்டுதான் அனுப்பினாரு. ஒண்ணரை மாசமா ஒரு வெவரமும் இல்லியேன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் வெசனம்."

தன்மேல் ஊருக்கு இத்தனை அக்கறையா என்று ஞானதாசனுக்கு மனம் நெகிழ்ந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கம்ப்யூட்டர் கெட்டுப்போய் குடும்ப போட்டோவெல்லாம் அழிந்துவிட்டது, அந்த வருத்தம்தான் என்றார்.

தாணம்மாள் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதுக்கா சார் இப்பிடி இருக்கிய? முதலமைச்சருக்குப் போட்டாலும் கலெக்டருக்குப் போட்டாலும், விசாரிக்கச் சொல்லி கடைசியில நம்ம ஆபீசுக்குத்தானே வருது. இருநூத்தி நாப்பத்தொண்ணையும் தேதி வாரியா அடுக்கி வச்சிருக்கேன். ஜெராக்ஸ் வேணும்னா வாங்க, பீரோ மேல ஒங்க பேருதான் எழுதி ஒட்டியிருக்கு."